போர் நினைவுச் சின்னத்திலிருந்து தொடங்கும் நடை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி வரும் பேருந்து, புதுச்சேரி மண்ணை முதலில் தொடுவது கனகசெட்டிக்குளத்தில். அங்கிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்த வழி முழுவதும் புதுச்சேரி என்று நினைத்துவிட வேண்டாம். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி வரைக்கும் புதுச்சேரி. பிறகு பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் என்று விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தால் மறுபடியும் புதுச்சேரி. மதுக்கடைகளின் பெயர்ப் பலகையும் வண்டிகளின் பதிவெண்ணும் மாறுவதைப் பார்த்தே ஊர்க்காரர்கள் எல்லையைச் சொல்லிவிடுவார்கள். 1814ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் 1816இல் பிரெஞ்சுக்காரர்களிடம் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது, கோட்டைகளோடு ஒரு நாட்டைக் கொடுத்துவிடவில்லை. துண்டு துண்டான ஊர்களைக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே மொழி பேசி, ஒரே மீனைப் பிடித்து, ஒரே அம்மனைக் கும்பிட்ட குடும்பங்களில் ஒன்று லண்டனுக்குக் குடியானது, மற்றொன்று பாரிஸுக்கு. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் நடை கடற்கரைச் சாலையில் நடக்க வேண்டியது. ஆனாலும் அதற்கான முதல் பாடம் கனகசெட்டிக்குளத்துப் பேருந்து நிறுத்தத்திலேயே கிடைத்துவிடுகிறது.

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களில் தொடங்கி, காகிதப்பூக் கொடி தொங்கும் வாசலில் படம் எடுத்து, ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, மாலையில் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். போர் நினைவுச் சின்னம் அந்த வழியில் ஒரு பின்புலம், அவ்வளவுதான். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேண்டுகோள். முதலில் நினைவுச் சின்னம், பிறகு வீதிகள். இந்தக் கடற்கரையில் நிற்கும் மற்ற சிலைகளும் கட்டடங்களும் ஆண்டவர்களைப் பற்றியோ, விடுதலை வாங்கித் தந்த தலைவர்களைப் பற்றியோ பேசுகின்றன. பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழே வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள் அந்த ஆட்சியிடம் எதைக் கேட்டன, எதைப் பெற்றன, பதிலுக்கு எதைக் கொடுத்தன என்று பேசும் கல் இந்த ஒன்றுதான். அதைப் படித்துவிட்டு நடந்தால் மஞ்சள் சுவர்கள் வேறு மாதிரித் தெரியும்.

சின்னம் காந்தி சிலைக்கு அருகில், சாலையின் மேற்குப் பக்கம், மரங்கள் நிற்கும் ஒரு சிறு வளாகத்துக்குள் இருக்கிறது. வெள்ளை நிற அமைப்பு, அதன் முன்னே முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுப் படைவீரனின் உருவம். சாதாரண நாட்களில் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். எழுத்து பிரெஞ்சில். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் தாயகத்துக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்கானது என்பது அதன் பொருள். திறந்து வைத்தது 1938இல். அந்த ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் முதல் உலகப் போருக்குப் பிறகு ஊருக்கு ஒன்றாக எழுந்த இத்தகைய சின்னங்கள் ஏறத்தாழ 36,000. அவற்றில் பெரும்பாலானவை 1920களின் நடுப்பகுதிக்குள் கட்டி முடிந்துவிட்டன. சில நூறு பேர் வாழும் மலைக் கிராமம்கூடத் தன் பையன்களுக்கு ஒரு கல் நட்டுவிட்டது. புதுச்சேரிக்கு அது வந்து சேரப் போர் முடிந்து 20 ஆண்டுகள் ஆயின. இதே கடற்கரையில், 18ஆம் நூற்றாண்டு ஆளுநர் துய்ப்ளேக்கு 1870இலேயே வெண்கலச் சிலை வைத்தாயிற்று. இன்று காந்தி நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்கள், செஞ்சியிலிருந்து வந்தவை, அப்போது துய்ப்ளேயைச் சுற்றி நின்றவைதான். பின்னாளில் இடம் மாற்றப்பட்ட துய்ப்ளே இப்போது சாலையின் தென்கோடியில் நிற்கிறார். ஆண்டவருக்கு முதலில் சிலை, ஆட்பட்டவருக்குக் கடைசியில் கல் என்ற கணக்கு இந்த ஒரே சாலையில், ஒரு கால் மணி நேர நடையில், கண்ணுக்குத் தெரிகிறது.

பிரான்ஸுக்காக ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு விடை போர்க்களத்தில் கிடைக்காது, நீதிமன்ற வாசலில் கிடைக்கும். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்துகொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பது வழக்கம். நீதிபதி அவரைத் தண்டித்தார். பொன்னுத்தம்பி விடவில்லை. பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றார். ஒரு ஜோடிக் காலணிதான் விஷயம் என்று சிரிக்கலாம். ஆனால் காலில் என்ன இருக்கலாம் என்பதை இன்னொருவன் முடிவு செய்யும் ஊரில், அது உடம்பின் மீதான உரிமை பற்றிய வழக்கு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1881 செப்டம்பரில், ஒரு ஆணை வந்தது. தன் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்கிறவர், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் 'வாசல்' என்று பொருள். நகரில் அந்தப் பெயரில் ஒரு வீதி இன்றும் இருக்கிறது. மிஷன் வீதிப் பக்கம் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் கணிசமானோர் தலித்துகளும் கிறித்தவர்களும். சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டு வராத ஒரு புதுப் பெயர், சட்டத்தின் முன் ஆளுநரோடு ஒப்பான ஓர் இடம் என்பது காகிதத்தில்தான் என்றாலும் 1881இல் தமிழ்நாட்டின் வேறு எந்த மூலையிலும் கிடைக்காத ஒன்று. பிரெஞ்சுக் குடியரசின் வழக்கில் குடியுரிமையும் படைச் சேவையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். சமம் என்று கேட்டவர் சாகவும் தயார் என்று காட்ட வேண்டியிருந்தது. நினைவுச் சின்னத்தில் 'தாயகம்' என்ற சொல்லை இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். அந்தத் தாயகத்தை அவர்கள் பார்த்ததில்லை. ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட மரியாதையைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த ஒரு தொலைதூர நாடு அது.

அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதற்கு 1938க்கு இரண்டே ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி ஒன்றே போதும். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆயுதப்படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். சவானா, ரோடியே, பின்னாளில் பாரதி என்று அறியப்பட்ட கெப்ளே என்ற மூன்று ஆலைகளும் நகரின் உயிர்நாடியாக இருந்த காலம் அது. தொழிலாளர்களை வழிநடத்தியவர் வ. சுப்பையா, ரயில் நிலையம் இருக்கும் தெற்குப் புல்வார் இப்போது அவர் பெயரைத்தான் தாங்குகிறது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் கடற்கரையில் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல ஆவணம் தேவை. ஆனால் பிரான்ஸுக்காக இறந்த புதுச்சேரிக்காரனுக்குக் கல் நட்ட அதே ஆட்சி, தன் உழைப்புக்கு நேரம் கேட்ட புதுச்சேரிக்காரனைச் சுட்டது என்பதைச் சேர்த்து நினைக்காமல் அந்தக் கல்லின் முன் நிற்க முடியாது. ஆகவே இந்த நடையில் ஒரு சிறு கிளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம், சுதேசி என்று பெயர் மாறிய சவானாவையும் ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்ட ரோடியேவையும் மதில்களோடு வெளியிலிருந்து பார்க்கலாம். 2020இல் இரண்டும் நிரந்தரமாக மூடப்பட்டன. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று தொழிற்சங்கங்கள் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 கொண்டாட்டத்துக்கு வருகிறவர்கள் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட முடிந்தால், ஊரின் இன்னொரு நினைவையும் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவை அடிமைக் காலத்து எச்சங்கள், ஐரோப்பியர் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டையில் நம் பையன்கள் செத்ததற்கு நாம் ஏன் மரியாதை செய்ய வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. அதுவும் புதுச்சேரியில் இது கூடுதல் கூர்மை பெறுகிறது, ஏனென்றால் அந்தப் போர்க் காலம் முழுவதும் பாரதியார் இதே ஊரில்தான் இருந்தார். 1908இல் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி வந்தவர் பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். வ.வே.சு. ஐயரும் இங்கேதான். சில வீதிகளுக்குள் ஒரு பக்கம் பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்துப் பாடிய கவிஞன், இன்னொரு பக்கம் பிரிட்டனின் கூட்டாளியான பிரான்ஸுக்காகப் படைக்குப் போன இளைஞன். 1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியாரைக் கடலூர் அருகே பிரிட்டிஷ் போலீஸ் பிடித்தது. கனகசெட்டிக்குளத்தில் இன்று யாரும் கவனிக்காமல் கடக்கும் அதே எல்லை, தெற்கே ஒரு கவிஞனுக்குச் சிறை வாசலாக இருந்தது.

இந்த மறுப்புக்கு என் பதில் இதுதான். நினைவுச் சின்னத்தைப் பார்ப்பது வேறு, அதை நிறுவிய அரசுக்குத் தலைவணங்குவது வேறு. அந்தக் கல்லை இடித்துவிட்டால் துய்ப்ளேக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் பெயர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இழப்பு நேர்வது போய்ச் செத்த தமிழ் இளைஞர்களுக்குத்தான். துய்ப்ளேயின் மொழிபெயர்ப்பாளரான ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற பெரிய துபாஷிக்கு நாட்குறிப்பு இருந்தது, மாளிகை இருந்தது. அந்த நாட்குறிப்பிலிருந்து பிரபஞ்சன் இரண்டு பெரிய நாவல்களை எழுதினார். ஏதோ ஓர் ஐரோப்பிய வயலில் புதைந்தவனுக்கு அப்படி எதுவும் இல்லை. சென்னையில் கோட்டைக்கு அருகே நிற்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அதுவும் பிரிட்டிஷ் வெற்றிக்காக எழுந்ததுதான். அதற்காக அதை யாரும் அந்நியம் என்று ஒதுக்கவில்லை.

இன்னொரு மறுப்பு நகருக்குள்ளேயே கேட்கும். அவர்கள் காசுக்காகவும் பென்ஷனுக்காகவும் போனவர்கள், இதில் தியாகம் எங்கே வந்தது என்பது. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரித் தமிழ் 'சொல்தா' என்கிறது. அந்தச் சொல்லில் மரியாதையும் உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு. பாரிஸிலிருந்து வரும் ஓய்வூதியம், வெள்ளையடித்த வீடு, பிள்ளைகளின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எல்லாம் தெருவில் எல்லோர் கண்ணிலும் படுபவை. 1940 செப்டம்பரில் ஆளுநர் பொன்வேன் தெ கோலின் பக்கம் சேர்ந்ததும் அடுத்த தலைமுறை இரண்டாம் போருக்குப் போனது. பிறகு இந்தோசீனா. சம்பளம் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உலகின் எந்தப் படையில் ஏழை வீட்டுப் பையன் சம்பளத்தை நினைக்காமல் சேர்கிறான்? லடாக்கில் காவல் நிற்கும் நம் ஜவானுக்கும் மாதம் பிறந்தால் மணியார்டர் அனுப்ப வேண்டிய வீடு இருக்கிறது. கூலி வாங்கியதால் மரணம் மலிந்துவிடாது. தவிர, 1956 மே 28 உடன்படிக்கை புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தேர்ந்தெடுக்க ஆறு மாத வாய்ப்புத் தந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது சில ஆயிரம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் பலருக்கு அது 1881இல் தாத்தா போட்ட கையெழுத்தின் தொடர்ச்சி. புஸ்ஸி வீதியில், இன்று லால் பகதூர் சாஸ்திரி பெயர் தாங்கும் வீதியில், 'ஃபுவாயே துய் சொல்தா' என்ற பெயர்ப்பலகை தாங்கிய கட்டடத்தைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். முன்னாள் படைவீரர்களின் மன்றம் அது.

இப்போது வீதிகள். நினைவுச் சின்னத்திலிருந்து தெற்கே நடந்து, துய்மா வீதி, ரோமன் ரோலான் வீதி, சுஃப்ரேன் வீதி என்று மேற்கே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பெரிய வாய்க்காலைக் கடந்துவிடுங்கள். ஒயிட் டவுனோடு நின்றுவிடுகிறவர்கள் பாதி நகரத்தைத்தான் பார்க்கிறார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வீடு உயரமான மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெரிய கதவு, உள்ளே தோட்டம், வீதிக்குத் தெரிவது சாத்திய ஜன்னல் மட்டும். மேற்கே வைசியாள் வீதியில் வீடு வீதிக்கே இறங்கி வருகிறது. திண்ணை, அதற்கு முன் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு அது சேர்ந்து, வெயிலுக்கும் மழைக்கும் வீதி முழுக்க ஒரு நிழல் பாதை. வழிப்போக்கன் உட்காரலாம் என்று வீட்டுக்காரர் தன் நிலத்தில் ஓரடி விட்டுக்கொடுத்திருக்கிறார். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு: கீழே திண்ணையும் முற்றமும், மேலே வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும். இந்தக் கலப்பு வீடுகள்தான் நினைவுச் சின்னத்துக்கு மிக நெருங்கிய உறவு என்பேன். ஒரே உடம்பில் இரண்டு வழக்கங்களைச் சுமந்தவர்கள் கட்டியவை அவை. நகரின் நேர்கோட்டு வீதிகள் பிரெஞ்சுக்காரர் போட்டவை என்று எல்லோரும் சொல்வார்கள். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்களின் திட்டமும் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே ஒயிட் டவுனில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1765க்குப் பிறகு எழுந்தது.

பழையவை இன்றும் விழுகின்றன. கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறக்கப்பட்டது. முகப்பை ரசிக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு ரசிப்பது நேர்மை. தமிழ்ப் பகுதியில் இடிந்த வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் அரிதாகவே வாய்க்கிறது. தனியார் வீடு விழுந்தால் அடுக்குமாடிதான் எழுகிறது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வைசியாள் வீதியில் முகப்புகளை மீட்டதைப் போல இன்னும் பல வீதிகளில் நடக்க வேண்டும்.

குழந்தைகளோடு ஒரு நாள் ஓய்வுக்கு வருகிறோம், அங்கே போய்ச் சாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசலாம், அரை மணி நேரம் போதும். விடியற்காலையில் வாருங்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. சூரியன் கடலிலிருந்து எழுவதால் சின்னத்தின் வெள்ளை முகப்பில் நேராக வெளிச்சம் விழும். கனகசெட்டிக்குளம், காலாப்பட்டுப் பக்கம் தங்குகிறவர்கள் முதல் பேருந்தைப் பிடித்து அஜந்தா சிக்னலில் இறங்கினால் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வேலிக்கு வெளியே நிற்கும்போது ஏறி உட்கார்ந்து படம் எடுக்காமல் இருந்தால் போதும். கடலில் இறங்க வேண்டாம். 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் கண்ட மணல் கரை, 1980களில் தெற்கே துறைமுகச் சுவர் எழுந்த பிறகு மணல் வரத்து தடைபட்டுக் கரைந்தது. அதனால்தான் கரையோரத்தில் இந்தப் பாறைகள். கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதே அரிப்பு வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மீனவர் வீடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பும் வழியில் கிழக்கே எட்டிப் பார்த்தால் தெரியும். கடற்கரைச் சாலைக்கு எதிரே, 1866இல் கட்டி 1952 புயலில் அழிந்த பழைய இறங்குபாலத்தின் இரும்புத் தூண்கள் நீரில் இன்னும் நிற்கின்றன. அதற்கு முன் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, சலங்குப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன.

சின்னத்தை உயிரோடு பார்க்க விரும்புகிறவர்கள் ஜூலை 13 மாலை வர வேண்டும். முன்னாள் படைவீரர்களும் குடும்பங்களும் கையில் விளக்குக் கூண்டுகளோடு பேண்டு வாத்தியம் முன்னே செல்ல ஊர்வலம் வருவார்கள். சின்னம் விளக்கொளியில் நிற்கும். மறுநாள் காலை பிரெஞ்சுத் துணைத்தூதர் மலர்வளையம் வைப்பார். இரண்டு நாட்டுப் பண்களும் ஒலிக்கும். நவம்பர் 11 அன்றும் அஞ்சலி உண்டு. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலான முகங்கள் தமிழ் முகங்கள். அந்த நாட்களில் வேலிக் கதவு திறந்திருக்கும். கூட்டம் கலைந்த பிறகு அருகே போய்ப் படிக்க அதுதான் தருணம்.

நேரம் இருப்பவர்கள் மறுநாள் வில்லியனூர் தாண்டிக் கீழூருக்குப் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் பெயர் தந்த எதுவார் குபேர் அந்த மாற்றத்தின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர்; பின்னாளில் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர். கீழூரில் ஒரு நினைவிடம் இருக்கிறது, ஆகஸ்ட் 16 அன்று அரசு விழா நடக்கும். கடற்கரைச் சின்னத்தைப் பார்த்தவர்கள் இங்கே அந்த 8 வாக்குகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பேருந்து குறைவு என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.